தெற்றுப்பல் ஏன் முளைக்கிறது?

ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் நன்றாக விழும் சன்னல் ஓரத்திற்குச் செல்லுங்கள். வாயை அகலத் திறந்து பற்களை எண்ணுங்கள். உங்களுக்கு வயது பதினான்கு என்றால் மேலே 14, கீழே 14, ஆக 28 பற்கள் இருக்கக்கூடும். ஒன்றிரண்டு குறைந்தால் கவலை வேண்டாம்; எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பல் முளைப்பதில்லை.

இப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு வரிசையைக் கவனியுங்கள். பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வில்போல் ஒழுங்காக நிற்கின்றனவா? அல்லது ஒரு பல் முன்னே, ஒரு பல் பின்னே, இன்னொன்று பக்கவாட்டில் திரும்பி நிற்கிறதா? கோரைப்பல் மட்டும் வரிசைக்கு மேலே ஏறி எட்டிப் பார்க்கிறதா?

அப்படி எட்டிப் பார்ப்பதைத்தான் நம் ஊரில் 'தெற்றுப்பல்' என்கிறோம். தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. அதே பல்லைக் காட்டிக் கேலி செய்யும் வகுப்புத் தோழர்களும் உண்டு. ஜப்பானில் இதை 'யாயேபா' என்பார்கள்; அங்கே இதை அழகென்று கருதுவோரும் இருக்கிறார்கள். ஆகவே அழகா, அழகில்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும் விஷயம். அறிவியல் கேட்கும் கேள்விகள் வேறு. அந்தப் பல்லுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை? இடமில்லாமல் நிற்பதால் பல்லுக்கும் ஈறுக்கும் என்ன நேர்கிறது?

வாய்க்குள் இரண்டு தலைமுறை

மனிதனுக்கு இருமுறை பல் முளைக்கிறது. முதல் தலைமுறை பால்பற்கள், இவை 20. ஏறக்குறைய ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். இரண்டாம் தலைமுறை நிலைப்பற்கள், இவை 32. முதல் நிலைப்பல் ஆறு வயதில் தோன்றுகிறது. அது விழுந்த பல்லின் இடத்தில் வருவதில்லை. பால்பற்களுக்கெல்லாம் பின்னால், கடைவாயில் ஓசைப்படாமல் முளைக்கிறது. அதனால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணி விடுகிறார்கள். இது பின்னால் ஒரு பெரிய தவறுக்கு இடம் கொடுக்கிறது. அதை அடுத்துப் பார்ப்போம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை இரண்டு தலைமுறைகளும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்த பால்பல் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தச் சிறு பல்லின் இடத்தில் எவ்வளவு பெரிய பல் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தீர்களா?

ஒரு சிறு சோதனை செய்யலாம். அட்டையில் பல் அளவைப் பத்து மடங்காக்கி வெட்டிக்கொள்ளுங்கள். மேல்வரிசை முன்பக்கப் பால்பற்கள் நான்கு: நடுவில் உள்ள இரண்டும் ஒவ்வொன்றும் 6.5 செ.மீ., அவற்றின் இருபுறமும் உள்ளவை ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம். அவற்றின் இடத்தில் வரும் நிலைப்பற்கள் நான்கு: நடுவில் உள்ளவை 8.5 செ.மீ., ஓரத்தில் உள்ளவை 6.5 செ.மீ. பால்பல் அட்டைகளை வரிசையாக வைத்தால் நீளம் 23 செ.மீ. நிலைப்பல் அட்டைகளை வைத்தால் 30 செ.மீ. இடம் 23, ஆள் 30! மிஞ்சும் 7 செ.மீ. என்பது உண்மையான வாயில் 7 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய ஒரு முழுப் பல்லின் அகலம்.

அப்படியானால் எல்லோருக்குமே பல் நெரிசல் வரவேண்டுமே, ஏன் வருவதில்லை? இயற்கை மூன்று வழிகளில் இந்தக் கடனை அடைக்கிறது. முதலாவது, பால்பற்களுக்கு இடையே உள்ள சந்துகள். நான்கு வயதுக் குழந்தைக்குப் பல் இடைவெளி விட்டு நின்றால் அம்மா கவலைப்படுவார். உண்மையில் அது வருங்காலப் பற்களுக்கான சேமிப்பு. இரண்டாவது, தாடை சற்று அகலமாக வளர்கிறது. புதிய முன்பற்களும் சற்று முன்சாய்ந்து முளைத்துப் பெரிய வளைவில் நிற்கின்றன. மூன்றாவது, பின்பக்கக் கணக்கு தலைகீழானது: பால் கடைவாய்ப்பற்கள் அவற்றின் இடத்தில் வரும் முன்கடைவாய்ப்பற்களைவிட அகலமானவை. கீழ்த்தாடையில் இதனால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 மில்லிமீட்டர் மிச்சமாகிறது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் வரிசை நேராகும். ஒன்று தவறினாலும் நெரிசல்தான்.

கடைசியாக ஏறிய பயணி

நெரிசல் ஏற்பட்டால் மேல் கோரைப்பல்தான் பெரும்பாலும் வெளியே தள்ளப்படுகிறது. அதற்குக் காரணம் அது முளைக்கும் முறை. மேல் வெட்டுப்பற்கள் ஏழு முதல் ஒன்பது வயதுக்குள் வந்துவிடும். முதல் முன்கடைவாய்ப்பல் பத்து, பதினொன்றில் வந்துவிடும். இவை இரண்டுக்கும் இடையில் நிற்கவேண்டிய கோரைப்பல்லோ பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வந்து சேர்கிறது. தாடையில் மிக உயரத்தில் உருவாகி, மிக நீண்ட தூரம் இறங்கி வரவேண்டிய பல் அது. நிறைந்த பேருந்தில் கடைசி நிறுத்தத்தில் ஏறியவரைப்போல அது படிக்கட்டில் தொங்குகிறது. பல்லின்மேல் குற்றமில்லை, இடந்தான் இல்லை.

'விழப்போகும் பல்தானே!'

ஏழு வயதுத் தம்பிக்குப் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "விழப்போகும் பல்தானே, பிடுங்கிவிட்டால் போகிறது" என்று வீட்டில் சொல்வார்கள். இந்தச் சொல்லின் விலை பெரிது.

அந்தப் பால்பல் தானாக விழவேண்டிய வயது பத்து முதல் பன்னிரண்டு. அதுவரை அது மெல்லும் வேலையோடு இன்னொரு வேலையும் செய்கிறது. கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. அதை ஏழு வயதிலேயே எடுத்துவிட்டால் இருக்கை நான்கைந்து ஆண்டுகள் காலி. பின்னால் நிற்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் மெல்ல முன்னே நகர்ந்து அந்த இடத்தை ஆக்கிரமிக்கும். உரிய பல் வரும்போது கதவு மூடியிருக்கும். அது கோணலாக வரும். அல்லது தாடைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஆகவே பல் மருத்துவர்கள் பால்பல்லையும் அடைத்துக் காப்பாற்ற முயல்கிறார்கள். எடுத்தே தீரவேண்டுமானால், இடம் மூடாமலிருக்க ஒரு சிறு கம்பி வளையத்தை அங்கே பொருத்துகிறார்கள். முன்பு சொன்ன தவறு என்னவென்றால், ஆறு வயதில் வந்த நிலைப்பல் சொத்தையானால் அதையும் பால்பல் என்று நினைத்துக் கவனியாமல் விடுவது. அது போனால் மூன்றாவது பல் முளைக்காது.

பல் பெரிதா, தாடை சிறிதா?

சிலருக்குப் பால்பல் ஒன்றும் முன்கூட்டி விழவில்லை. ஆனாலும் நெரிசல் இருக்கிறது. இதற்குக் காரணம் பல்லும் தாடையும் வளரும் முறையில் உள்ள வேறுபாடு.

பல்லின் வெளிப்பகுதியான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். பல் வெளியே வருமுன்பே அதன் அளவு முடிவாகிவிடுகிறது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுகின்றன. எனவே வந்த பல் அதற்குமேல் வளராது. தாடை அப்படியன்று. அது எலும்பு, உழைப்புக்கு ஏற்ப வளர்வது. குழந்தைப் பருவத்தில் நன்றாக மென்று தின்றால் தாடை எலும்பு நன்கு வளர்கிறது. பற்களின் அளவை மரபு பெரும்பாலும் தீர்மானிக்கிறது; தாடையின் அளவை மரபும் உணவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் டேனியல் லீபர்மன் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் 'ஹைராக்ஸ்' என்னும் முயல் அளவுள்ள விலங்குகளை இரு குழுவாக வளர்த்தனர். ஒரு குழுவுக்குச் சமைத்த மென்மையான உணவு. மற்றொன்றுக்குக் கடினமான உணவு. மென்மையான உணவு தின்றவற்றின் முகத்தில், மெல்லும்போது அழுத்தம் தாங்கும் பகுதிகளின் வளர்ச்சி சுமார் 10 விழுக்காடு குறைந்தது. 1980களில் ராபர்ட் கொருச்சினி என்பவர் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து வட இந்தியாவில் கிராம இளைஞர்களின் பல்வரிசையையும் நகர இளைஞர்களின் பல்வரிசையையும் ஒப்பிட்டார். குறைபாடுகள் நகரத்தில் மிகுதி. வேட்டையாடி வாழ்ந்த மக்களின் தாடைகள் நீளமாகவும், உழுது வாழ்ந்த மக்களின் தாடைகள் குட்டையாகவும் இருப்பதை 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

இதனால் கரும்பு கடித்தால் உங்கள் நெரிசல் நாளையே சரியாகிவிடும் என்று எண்ணவேண்டாம். ஒரே வீட்டில் ஒரே சோறு உண்ணும் அண்ணனுக்கு வரிசை நேராகவும் தங்கைக்கு நெரிசலாகவும் இருப்பதைக் காண்கிறோமே! காரணங்கள் பல, உணவு அவற்றில் ஒன்று.

இடுக்கில் நடப்பது என்ன?

1683இல் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லீவன்ஹூக் என்ற துணி வணிகர், தம் பல் இடுக்கிலிருந்த வெள்ளைப் பொருளைச் சுரண்டித் தாமே செய்த நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். அவர் நாள்தோறும் உப்பினால் பல் துலக்குபவர். இருந்தும் அந்தப் பொருளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் துள்ளி ஓடுவதைக் கண்டு வியந்து லண்டன் ராயல் கழகத்திற்கு எழுதினார். பாக்டீரியாக்களை மனிதக் கண் கண்ட முதல் காட்சிகளுள் அது ஒன்று.

அந்த வெள்ளைப் பொருள்தான் பற்படலம். ஒரு மில்லிகிராம் படலத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம் இனிப்பைத் தின்றால் அவையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. சில நிமிடங்களிலேயே அங்கே அமிலத்தன்மை ஏறுகிறது. பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள கனிமம் கரையத் தொடங்குகிறது. பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தை அடக்கி, இழந்த கனிமத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. இதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும்.

இனி நெரிசலான வரிசையை எண்ணிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரு பற்களுக்கு நடுவே பிரஷ்ஷின் நார் நுழைவதில்லை, நாக்கு துடைப்பதில்லை, உமிழ்நீரும் எளிதில் ஓடுவதில்லை. படலம் அங்கே நிம்மதியாகத் தங்குகிறது. நாளடைவில் உமிழ்நீரிலுள்ள கனிமங்கள் அதில் படிந்து கல்போல் இறுகிப் பற்காரை ஆகின்றன. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள். நாக்கின் அடியில் உமிழ்நீர்க் குழாய்கள் திறக்கும் வாசல் அங்கேயே இருப்பதால் அந்த இடத்தில்தான் காரை மிகுதியாகச் சேரும். நெரிசல் அடிக்கடி காணப்படும் இடமும் அதுவே.

படலம் தங்கினால் ஈறுக்கு என்ன ஆகும் என்பதை 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவர் தோழர்களும் சோதித்தனர். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் வீக்கம் மறைந்தது. நெரிசலான இடுக்கில் நாள்தோறும் நடப்பது இந்தச் சோதனையின் முதற்பாதிதான். பிரஷ் அங்கே போகாததால் இரண்டாம் பாதி நடப்பதில்லை.

ஈறு வீங்கினால் துலக்கும்போது இரத்தம் கசியும். இரத்தத்தைக் கண்டதும் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவோர் பலர். இதனால் படலம் இன்னும் சேர்கிறது. வீக்கம் உள்ளே பரவி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கினால் அந்த எலும்பு தானாகத் திரும்பாது. வரிசைக்கு வெளியே தள்ளப்பட்ட பல்லுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அதன் முன்புற எலும்பும் ஈறும் மெல்லியவை. அழுத்தித் தேய்த்தால் ஈறு மேலேறி வேர் தெரியும், கூச்சம் உண்டாகும்.

நெரிசல் இருந்தால் சொத்தை உறுதியா?

இல்லை. நெரிசலுள்ளவர்களுக்குச் சொத்தை கூடுதலா என்று ஆராய்ந்தவர்கள் ஒரே விடையைத் தரவில்லை. சிலர் ஆம் என்றனர். சிலர் வேறுபாடு இல்லை என்றனர். காரணம் எளிது. பல்லைக் கெடுப்பது கோணல் அன்று. கோணலில் தங்கும் படலமும், நாம் அடிக்கடி தின்னும் இனிப்புமே. நெரிசலான வாயையும் பொறுமையாகத் துலக்கினால் நலமாக வைத்திருக்கலாம். நேரான வரிசையையும் சோம்பலால் கெடுக்கலாம். தெற்றுப்பல் உள்ளவர் பிறரைவிடச் சற்று அதிகம் உழைக்கவேண்டும், அவ்வளவுதான்.

எலும்பில் பல் எப்படி நகர்கிறது?

ஆணி அடித்ததுபோல் எலும்பில் நிற்கும் பல்லைக் கம்பியால் எப்படி நகர்த்துகிறார்கள்? பல் எலும்போடு ஒட்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வேலை செய்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பை வைக்கின்றன. முன்னே இடித்து, பின்னே கட்டி, பல் தன் குழியோடு நகர்கிறது. வேகம் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வேகப்படுத்த நினைத்து மிகுதியாக அழுத்தினால் நார்ப்படலத்தின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வேலை தாமதமாகும். சீரமைக்க ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பிடிப்பது இதனால்தான்.

இடத்தை எப்படி உண்டாக்குவது என்பதில் பழைய விவாதம் ஒன்று உண்டு. 1900இல் அமெரிக்காவில் பல்சீரமைப்புக்கெனப் பள்ளி தொடங்கிய எட்வர்ட் ஆங்கிள், ஒரு பல்லையும் எடுக்கலாகாது என்றார். அவரிடமே பயின்ற ஆஸ்திரேலியரான பெக், ஆதிமக்களின் பற்கள் கரடுமுரடான உணவால் பக்கவாட்டிலும் தேய்ந்து வரிசை சுருங்கியது, நமக்கு அப்படித் தேயாததால் சில பற்களை எடுப்பது தவறன்று என்று 1954இல் எழுதினார். இன்று மருத்துவர்கள் ஒவ்வொரு வாயையும் அளந்து பார்த்து, தாடையை விரிப்பதா, முன்கடைவாய்ப்பற்களை எடுப்பதா என்று முடிவு செய்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

நெரிசலான பல்லில் பிரஷ்ஷைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மேடு மட்டுமே துலங்கும். பிரஷ்ஷை நெட்டாகப் பிடித்து, நுனி நாரால் ஒவ்வொரு பல்லாகத் துலக்குங்கள். மென்மையான நாருள்ள சிறிய தலை பிரஷ்ஷே நல்லது. காலையில் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கல் மிக முக்கியம். செங்கல் தூள், கரி, மணல் ஆகியவை எனாமலைத் தேய்க்கும், வேண்டாம். இரத்தம் கசியும் இடத்தை விட்டுவிடாதீர்கள். மென்மையாக, ஆனால் தவறாமல் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இறுகிய காரையை பிரஷ் நீக்காது, மருத்துவர்தான் நீக்கவேண்டும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: ரப்பர் வளையத்தைப் பல்லில் மாட்டி நாமே பல்லை நேராக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். வளையம் ஈறுக்குள் நழுவி வேரை நோக்கி ஏறி எலும்பை அழித்துவிடும். நல்ல பல்லையே இழந்தவர்கள் உண்டு.

கம்பி போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் பெற்றோரும் மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. போட்டுக்கொண்டால் துலக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். கம்பியைச் சுற்றிப் படலம் தங்கினால் எனாமலில் வெண்புள்ளிகள் விழும். போடாவிட்டாலும் குறைவொன்றும் இல்லை. அந்த இடுக்கு எங்கே இருக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்று மாலை அந்தக் கைக்கண்ணாடியை இன்னொரு முறை எடுங்கள். இம்முறை உங்களுக்காக அன்று. வீட்டில் ஏழெட்டு வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பால் கடைவாய்ப்பல்லில் கறுப்புக் குழி தெரிகிறதா? பின்னால் ஆறு வயதுப் பல் வந்துவிட்டதா? தெரிந்ததை அம்மாவிடம் சொல்லுங்கள். "விழப்போகும் பல்தானே" என்று அவர் சொன்னால், அட்டைத் துண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டுங்கள்.